பிக்கப்பில் டிரெய்லர் இழுத்துப் போனால் எடை நிலையத்தில் நிற்க வேண்டுமா?

டல்லாஸ்வாசி:
ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறேன். உள்ளேயே தங்கும் வசதியுள்ள பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன், அடுத்த மாதம் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன் போகத் திட்டம். நெடுஞ்சாலையில், எல்லா டிரக்கும் எடை நிலையத்துக்குள் வர வேண்டும் என்ற பலகையைப் பார்த்தாலே வயிற்றில் புளி கரைக்கிறது. பிக்கப்பும் டிரக்தானே? வண்டி 9,000 பவுண்டு இழுக்கும் என்றார் விற்றவர். டிரெய்லரின் உச்ச எடை வரம்பு 7,000தான். அப்போ எடை பிரச்சினை இல்லையே?

லாரிக்காரர்:
சொந்தச் சுற்றுலா என்றால் பொதுவாக நிற்க வேண்டாம், அது சரக்கு வண்டிகளுக்கான பலகை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வழியில் வரும் நியூ மெக்சிகோ, அரிசோனா விதிகளையும் பார்த்துவிடுங்கள். போலீஸ் கை காட்டினால் மறுபேச்சில்லாமல் உள்ளே போங்கள்.

அந்த 9,000ஐ விடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கிறது?

டல்லாஸ்வாசி:
1,485. பக்கத்து ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த வரம்பு 7,050.

லாரிக்காரர்:
டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) வழியாக உங்கள் வண்டிமேல் இறங்கும். அதுவும் இந்த 1,485க்குள் அடக்கம். 7,000க்கு 13 சதவீதம் போட்டால் 910. நான்கு பேருக்கு 560. மிச்சம் 15 பவுண்டு, கூலர் பெட்டிகூட ஏறாது!

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் தனித்தனித் தட்டில் நிற்கட்டும். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் மறுபடி நிறுத்துங்கள். வண்டியின் எடையில் வரும் வித்தியாசம்தான் ஹிட்ச் சுமை.

டல்லாஸ்வாசி:
இன்னொன்று. மச்சான் ஓக்லஹோமாவில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார். பாத்திரங்களை என் வண்டியில், வேறு டிரெய்லரில் கொண்டுபோகச் சொல்கிறார், கூலி உண்டு.

ஹூஸ்டன் அக்கா:
தம்பி, அது வேறு கதை. தொழிலுக்காக மாநில எல்லை தாண்டினால், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டு வந்தாலே மத்திய விதிப்படி வணிக வாகனம். உன் வண்டியின் வரம்பே 7,050, அந்த டிரெய்லருக்கு 3,000 வரம்பு இருந்தாலே தாண்டிவிடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தரும் யுஎஸ்டாட் எண் வேண்டும், எடை நிலையத்திலும் நிற்க வேண்டும். மச்சானை வாடகை வண்டி பார்க்கச் சொல்.

டல்லாஸ்வாசி:
நேற்று எடை போட்டேன். குடும்பத்தோடு வண்டி மட்டும் 6,180, டிரெய்லரை மாட்டினால் வண்டியின் சக்கரங்களில் 7,220. ஹிட்ச் சுமை 1,040! டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருக்கிறது, 40 கேலன், நிரப்பி வைத்திருந்தேன்.

லாரிக்காரர்:
330 பவுண்டுக்கு மேல் தண்ணீரா? காலியாக ஓட்டிப் போய் முகாமில் நிரப்புங்கள்.

டல்லாஸ்வாசி:
காலி செய்தபின் 7,030. 7,050 வரம்புக்கு இன்னும் 20 பவுண்டுதான் இடம். பையன் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன், காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.