ஏரி வருவதற்கு முன் நீரணங்கர் எங்கே இருந்தார்கள்? உதவி வேண்டும்

கொடைக்கானலில் நடக்கும் ஒரு மாயக்கதை எழுதுகிறேன். ஏழாம் அத்தியாயத்திலேயே மூன்று மாதமாக நிற்கிறேன்.

என் நீரணங்கர் உருமாறும் நீர்வாழ் மனிதர்கள், ஆயிரம் ஆண்டு பழைய இனம். ஆனால் கொடைக்கானல் ஏரியே 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. ஊட்டிக்கு மாற்றலாம் என்றால், அந்த ஏரியும் 1820களில் வந்ததுதான்.

சோலை ஓடைகளில் குடிவைத்துப் பார்த்தேன். கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஆளுயர உடல் எங்கே ஒளியும்? சரி, தவளையாகச் சுருக்கினேன். அறுபது கிலோ எடை எங்கே போனது என்று தங்கை கேட்டாள், நியாயமான கேள்வி. அப்புறம் ஆக்டோபஸ் போலத் தோல் நிறம் மட்டும் மாறட்டும் என்று வைத்தேன். அப்போது அவர்கள் மனிதராகச் சந்தையில் நடக்கும் காட்சி போய்விடுகிறது. இந்தக் கதைக்கு உயிரே அதுதான், விட மனமில்லை.

ஏரி இல்லாத அந்தக் காலத்தில், இந்த மலையில் இவர்களை எந்த உருவில் வாழவைக்கலாம்?