அம்மாவின் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைக்க எந்த மென்பொருள்? தேடினால் பாதி கிடைப்பதில்லை

கடுகு_தாளிப்பு:
வணக்கம். அம்மாவின் இரண்டு நோட்டு, வாட்ஸ்அப்பில் வந்தவை, போனில் எடுத்து வைத்த பத்திரிகைப் பக்கங்கள், அப்புறம் 2009 வாக்கில் அப்பா வேர்டில் அடித்துக் கொடுத்த 60 குறிப்புகள் (பாமினி, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு). எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். முன்பு ஒரு இலவசச் செயலியில் போட்டு வைத்தேன், ஒருநாள் அது கடையைக் கட்டிவிட்டது, வெளியே எடுக்க வழியே இல்லை. இப்போது அப்பாவின் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வேறொரு குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புளி, பருப்பு என்று தேடினால் எல்லாம் வருகிறது, கொத்தமல்லி, தோசை என்று தேடினால் நான் கையால் அடித்தவை மட்டும்தான் வருகின்றன. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

ரசப்பொடி:
நான் பாப்ரிகா என்ற சமையல் குறிப்புச் செயலி வைத்திருக்கிறேன். மாதச் சந்தா இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும், ஆனால் போனுக்குத் தனி, கணினிக்குத் தனி. இணையப் பக்கத்தில் இருக்கும் குறிப்பை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலு பேருக்கானதை எட்டு பேருக்குப் பெருக்கவும் செய்யும், 'அரை ஆழாக்கு' என்று எழுதினால் மட்டும் முழிக்கும். கிராமில் எழுதிவிடுங்கள்.

கடுகு_தாளிப்பு:
அம்மா நோட்டில் முக்கால்வாசி ஆழாக்கும் உழக்கும்தான் :(

அரைத்துவிட்டசாம்பார்:
சகோ, மென்பொருளை மாற்றும் முன் இதைப் பாருங்கள். சிக்கல் 'கொ', 'தோ' வரும் சொற்களில் மட்டும் என்றால் காரணம் அநேகமாக நீங்கள் யூனிகோடுக்கு மாற்றப் பயன்படுத்திய மாற்றியில்தான். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில பழைய மாற்றிகள் பாமினியில் இருந்தபடியே இரண்டாகத் தள்ளிவிடும், நம் விசைப்பலகையோ ஒன்றாக அடிக்கும். தேடும் பெட்டி இரண்டையும் ஒன்றெனப் பார்க்காவிட்டால் உங்கள் கதைதான். உரையை என்.எஃப்.சி. வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள், பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. கையால் 'எல்லாவற்றையும் மாற்று' போடாதீர்கள். நான் ஒருமுறை ஔகாரத்தையும் சரிசெய்கிறேன் என்று முன்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துவைக்கப் போய், வெள்ளரிக்காய், வெள்ளம், வெள்ளை எள் எல்லாம் உருக்குலைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

எந்த மென்பொருள் என்றால், ஒரு குறிப்புக்கு ஒரு சாதாரண உரைக்கோப்பு, அதைத் திறக்க ஒப்சிடியன் என்ற குறிப்பேட்டுச் செயலி. செயலி நாளைக்கே மூடினாலும் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும். வீட்டிலேயே சர்வர் ஓட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் மீலி என்ற சமையல் குறிப்பு மென்பொருளைப் பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரசப்பொடி:
பத்திரிகைப் பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் தமிழ் எழுத்தாகவே வந்துவிடும். கையெழுத்துக்கு அதை நம்பாதீர்கள். அம்மா நோட்டைப் படமாகவே குறிப்போடு சேர்த்துவிட்டு, தலைப்பும் முக்கியப் பொருட்களும் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், தேட அது போதும். அப்புறம் வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு மூன்றையும் ஒரே குறிப்பின் அடியில் எழுதி வையுங்கள், வீட்டில் ஆளுக்கொரு மாதிரி தேடுவார்கள்.

கடுகு_தாளிப்பு:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். என்.எஃப்.சி. ஆக்கியதும் கொத்தமல்லி 31 இடத்தில் வந்தது! ஒப்சிடியனுக்கே மாறிவிட்டேன். ஆழாக்கை அப்படியே விட்டு, எங்கள் வீட்டு ஆழாக்கில் எவ்வளவு அரிசி பிடிக்கிறது என்று எடைபோட்டு முதல் கோப்பில் எழுதியிருக்கிறேன், படி ஊருக்கு ஊர் மாறுமே. மூன்று கோப்பு மட்டும் மாற்றிய பிறகும் குப்பையாக வருகிறது. பாமினி இல்லையோ? அப்பாவுக்கும் நினைவில்லை.

அரைத்துவிட்டசாம்பார்:
மாற்றியில் பாமினிக்குப் பதில் டாப், டாம், டிஸ்கி என்ற மற்ற பழைய குறியீடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு.

கடுகு_தாளிப்பு:
டாப்தான். அதிரசம் வந்துவிட்டது.