நாக் சென்சார் போல்ட்டில் கைக்கணக்கு செல்லாது

கார் எஞ்சினில் எட்டாத இடத்தில் உள்ள சென்சார் போல்ட்டை, முறுக்கும் விசையை அளக்காமல் கைப்பழக்கத்தை நம்பி முறுக்கினால் போதும் என்று முன்னர் இதுபற்றி எழுதிய நண்பர் ஒருவர் கூறியிருந்தார். மற்ற சென்சார்களில் அது ஓரளவு ஒப்பேறலாம். எரிபொருள் முறைதவறி வெடிக்கும்போது எழும் ‘நாக்’ அதிர்வை உணரும் நாக் சென்சாரில் ஒப்பேறாது என்பதற்கு என்னிடம் வந்த ஒரு காரே சாட்சி.

வேறொரு பணிமனையில் நாக் சென்சாரைப் புதிதாக மாற்றிய பின்னும் அதே பிழைக்குறியீடு திரும்பத் திரும்ப வந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஒயரிலும் கனெக்டரிலும் குறை தென்படவில்லை. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்துத் தொட்டபோது, சென்சார் விரல் பட்டதும் அசைந்தது. கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் இருந்தது. எஞ்சின் பிளாக்கின் அதிர்வு உலோகத்தோடு உலோகமாக அழுந்தியிருக்கும் பரப்பின் வழியாகவே சென்சாருக்குள் இருக்கும் படிகத்தை எட்ட வேண்டும். பிடிப்பு தளர்ந்தாலோ இடையில் வாஷர் புகுந்தாலோ சிக்னல் வலுவிழக்கிறது, உடனே எஞ்சினை இயக்கும் கணினியான இசியூ, பாதுகாப்புக்காக இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இழுவை குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

வாஷரை நீக்கி, அமரும் இடத்தில் இருந்த துருவையும் அழுக்கையும் துடைத்து, போல்ட்டை விரலாலேயே மரையில் ஏற்றினேன். முதலில் இடப்பக்கமாகத் திருப்பினால் ஓரிடத்தில் ‘டக்’கென்று மரை இறங்குவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அலுமினிய பிளாக்கில் மரை குறுக்காக ஏறாது. இந்த எஞ்சினுக்குக் கையேடு சொன்ன முறுக்குவிசை அளவு 20 நியூட்டன் மீட்டர். அதற்கு 5 முதல் 25 வரை அளக்கும் கால் அங்குல டார்க் ரெஞ்சே (முறுக்குவிசையை அளக்கும் ரெஞ்ச்) ஏற்றது. பெரிய ரெஞ்சின் அடிமட்ட அளவை நான் நம்புவதில்லை.

ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே மாட்டும் நேரான எக்ஸ்டென்ஷன் தண்டு அளவை மாற்றாது என்றாலும், இங்கே சாக்கெட்டை நிமிர்த்தி வைக்கவே இடமில்லை; வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டோ, சாயச் சாய அளவைப் பிழையாக்கும். ஆகவே பக்கவாட்டிலிருந்து போல்ட்டைப் பிடிக்கும் திறந்த வாய்த் துண்டான க்ரோஃபுட்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டி முறுக்கினேன், அப்போது அளவைத் திருத்த வேண்டியதில்லை. ரெஞ்சின் நேர்கோட்டிலேயே மாட்ட நேர்ந்தால் நெம்புகோலின் நீளம் கூடிவிடும்: 250 மில்லிமீட்டர் ரெஞ்சில் 50 மில்லிமீட்டர் க்ரோஃபுட் நீண்டால், 20-க்குப் பதிலாக ஏறத்தாழ 16.7-இல் ரெஞ்சை வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் முறுக்குவோர்தாம் மரையை அழித்துவிட்டு போல்ட்டின் தரத்தைக் குறை சொல்கிறார்கள்.

எஞ்சினின் சுழல்தண்டு நிலையை உணரும் கிராங்க் சென்சாரின் எம்6 (6 மில்லிமீட்டர் மரை) போல்ட்டுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டரே போதும். அங்கே உடைவது போல்ட் நுழையும் பிளாஸ்டிக் காது. சென்சாரைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிறிது எஞ்சின் ஆயில் தடவி, சென்சாரைக் கையால் முழுவதும் உள்ளே அமர்த்திய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். போல்ட்டைக் கொண்டு சென்சாரை உள்ளே இழுக்கக் கூடாது.