டயாலிசிஸ் எடுப்பவர்களின் ராத்தூக்கம்: உங்கள் வீட்டில் எப்படி?

காசிமேட்டுக்காரி:
வீட்டுக்காரருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிறது, இழுக்கிறது என்று எழுந்துவிடுவார். நடந்தால் நிற்கும், படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். ஒரே அறை வீடு, பிள்ளைகள் படுத்திருப்பார்கள், அதனால் தெருவில் நடப்பார். போன மாதம் ஒரு நாள் நடுராத்திரியில் ரோந்து வண்டி நிறுத்தி, "எங்கய்யா சுத்தற இந்த நேரத்துல?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஓடிப் போவதற்குள் இவர் சட்டைக் கையை மேலே தள்ளி, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலாவைக் காட்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் என்ன நினைத்தாரோ, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே கிர்ரென்று அதிர்ந்ததும் ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "போய்ப் படுங்கண்ணே" என்றார். படுக்க முடியாமல்தானே வந்திருக்கிறார்!

வியாசர்பாடி பையன்:
எங்கள் அம்மாவுக்கு அரிப்பு. ராத்திரியில் கதவு நிலையில் முதுகைத் தேய்க்கிற சத்தம் கேட்கும். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. அதற்குத் தந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாமல், எல்லாவற்றையும் காலையில் மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தார். இப்போது சோற்றுத் தட்டிலேயே வைத்துவிடுகிறோம், கொஞ்சம் தேவலை. அக்கா, அண்ணனை மெஷினில் இருக்கும்போது தூங்க விடாதீர்கள். பகலில் 4 மணி நேரம் தூங்கினால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

விடியற்காலை ஷிஃப்ட்:
தம்பி, நீ மெஷினில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல். ஊசி குத்திய கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் சொக்கிவிடும். பிபி இறங்கினால் டெக்னீஷியன் கன்னத்தில் தட்டி எழுப்புவார். ராத்திரி கிடைக்காத தூக்கம் அங்கேதான் கிடைக்கிறது, அதையும் பிடுங்கணுமா?

திருவொற்றியூர் வாத்தியார்:
சண்டை வேண்டாம். அந்தக் கால் தொந்தரவுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர். இரும்புச்சத்து குறைந்தாலும் வரும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் வரட்டும், அரிப்பு அடங்கட்டும் என்று அவில் என்கிற அலர்ஜி மாத்திரையைப் போட்டால் சிலருக்குக் கால் இன்னும் படுத்தும். கால் தொந்தரவுக்கு கபாபென்டின் மாத்திரை கொடுத்தால் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அது கிட்னி வழியாக வெளியேறுகிற மருந்து, நம்மவர்களுக்கு உடம்பிலேயே தங்கி ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம் உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் தாகத்தைக் கிளப்பும், தண்ணீர் குடித்தால் கால் வீங்கும். படுத்ததும் அந்த நீர் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுவழியை நெருக்கும். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான், குறட்டை சட்டென்று நின்று, மூச்சும் நின்று, திணறி எழுந்து உட்காருவார்.

காசிமேட்டுக்காரி:
ஃபெரிட்டின் என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது கேட்கிறேன். கருவாட்டு விஷயத்தை மட்டும் அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் சார், நான் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.