பல்பணிப் போர் விமானத் தேர்வு: முதலில் எதைக் கேட்பது?

கேள்வி – வான்நோக்கி:
வான்சண்டை, தரைத்தாக்குதல், உளவு மூன்றுக்கும் ஒரே விமானம் தேடும் ஒரு நடுத்தர விமானப்படை, வேகம், ஆயுதச் சுமை என்று விற்பனையாளர் நீட்டும் பட்டியலை வைத்தே முடிவெடுக்க முடியுமா? பிரான்ஸின் ரஃபேல் 9.5 டன் வரை வெளிச்சுமை ஏற்றும். ஸ்வீடனின் கிரிப்பன் அவ்வளவு ஏற்றாது, ஆனால் ஒற்றை எஞ்சின் என்பதால் பராமரிப்பு எளிது. இதைத் தாண்டி எதை முதலில் கேட்க வேண்டும்?

மறுமொழி – பனிக்காற்று:
பட்டியலைக் கடைசியில் பாருங்கள். பின்லாந்து தன் ஹார்னெட் விமானங்களுக்கு மாற்றுத் தேடியபோது ஐந்து வகைகள் போட்டியிட்டன. உதிரி பாகங்கள் தடையின்றிக் கிடைக்குமா, உள்நாட்டுத் தொழில்துறைக்குப் பங்கு உண்டா, செலவு தாங்குமா என்ற கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்விதான். அதைக் கடந்தவற்றின் போர்த்திறனை எடைபோட்டே 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்-35 வகையில் 64 எஃப்-35ஏ விமானங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் குளிர்காலத்தில் ஐந்தையும் தங்கள் நாட்டுக்கே வரவழைத்துப் பறக்கவிட்டுப் பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மறுமொழி – கூர்நோக்கு:
உதிரி பாகம் கிடைக்குமா என்பதைவிட, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்று கேட்பதே சரி. கிரிப்பன் ஸ்வீடனின் விமானம் என்றாலும் அதன் எஞ்சின் அமெரிக்கத் தொழில்நுட்பம் என்பதால், ஸ்வீடன் விற்க விரும்பினாலும் அமெரிக்கா தலையசைக்க வேண்டும். எஃப்-35க்குப் பாகங்கள் செய்து கொடுத்த பங்காளியான துருக்கியே, ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019-இல் அத்திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது.

மறுமொழி – தரைப்பணி:
இருவருமே தரையை மறந்துவிட்டீர்கள். தரையிறங்கிய கிரிப்பனுக்கு எரிபொருள் நிரப்பி, வான்சண்டை ஏவுகணைகளை மாட்டி, பத்தே நிமிடத்தில் மீண்டும் அனுப்பிவிட ஒரு தொழில்நுட்பரும் கட்டாயப் படைச்சேவையில் உள்ள ஐந்து பேரும் போதும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்தார்கள். ஓடுபாதை குண்டுவீச்சில் சிதைந்தால் நெடுஞ்சாலையே போதும். கொட்டகையில் நிற்கும் விமானம் எத்தனை டன் சுமந்தால் என்ன?

மறுமொழி – வான்நோக்கி:
நன்றி. காலத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தியா 2007-இல் 126 விமானங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆறு வகைகளைச் சோதித்து, 2012-இல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இந்தியாவில் தயாராகும் விமானங்களுக்கு யார் பொறுப்பேற்பது, விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற இழுபறியில் அந்தப் பேரம் முறிந்து, 2016-இல் கையெழுத்தானது வெறும் 36 விமானங்களுக்கு.