முன்வாசல் மரக்கதவின் பலமுனைப் பூட்டு இறுகிவிட்டது: உதவி தேவை

வடகரை:
வணக்கம். எங்கள் வீட்டு முன்வாசல் பூட்டு (கைப்பிடியை மேலே தூக்கினால் பல இடங்களில் ஒரே நேரத்தில் பூட்டும் வகை) சில வாரங்களாக மிகவும் இறுகிவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால்தான் சாவி திரும்புகிறது; என் மாமியாரால் கதவைப் பூட்டவே முடியவில்லை. சாவித் துளையில் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துப் பார்த்தும் பெரிய பலன் இல்லை. புதுப் பூட்டு வாங்கிவிடலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று தெரிந்தவர்கள் இன்றே சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அளவுகோல்:
நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், கதவு முழு மரமா அல்லது மரம் போன்ற மேற்பூச்சு உள்ளதா, கதவைத் திறந்து வைத்திருக்கும்போதும் இதே இறுக்கம் இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கான விடையிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. திறந்த கதவில் கைப்பிடி இலகுவாக மேலே போய்ச் சாவியும் திரும்பினால் பூட்டில் குறை இல்லை. கதவும் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள்.

கிராஃபைட்:
சிலிண்டருக்குள், அதாவது சாவி நுழைந்து திரும்பும் பகுதிக்குள், எண்ணெய்ப் பசையுள்ள எதையும் அடிக்கக் கூடாது. தூசியைப் பிடித்துவைத்து நாளடைவில் உள்ளே குழம்பாகிவிடும். உலர்ந்த உயவுப் பொருளான கிராஃபைட் தூளைச் சாவியில் தடவிச் சில முறை உள்ளே விட்டு எடுங்கள், சரியாகிவிடும்.

ஈரக்காற்று:
மரக்கதவு என்றால் ஐயமே இல்லை, மரம் ஈரத்தில் பருத்திருக்கிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இழைக்குக் குறுக்காகத்தான் விரியும், அதாவது கதவின் அகலத்தில். சிறு கண்ணாடி ஒன்றைக் கதவின் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வர்ணமே பூசியிருக்க மாட்டார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. பூட்டுப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பழைய தச்சன்:
இதே கேள்வி குளிர்காலம் வந்தால் தவறாமல் வருகிறது. தேடிப் படிக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. பலமுனைப் பூட்டு என்பது கதவின் விளிம்பில் உயரவாக்கில் ஓடும் ஒரு நீண்ட தகடு, அதன் நடுவில் கைப்பிடியின் அசைவை மற்ற முனைகளுக்குக் கடத்தும் ஒரு கியர்பாக்ஸ், மேலும் கீழும் கொக்கிகள் அல்லது உருளைகள் என்ற அமைப்பு. கைப்பிடியைத் தூக்கும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்து நிலையில் பதித்த தகடுகளுக்குள் நுழைய வேண்டும். ஒரு முனை இடித்தாலும் முழுச் சுமையும் கியர்பாக்ஸின் மீது விழும். இதுகூடத் தெரியாமல் புதுப் பூட்டு வாங்கக் கிளம்புகிறவருக்கு என்ன சொல்வது? அதைவிட மோசம், பூட்டுப் பக்கத்தைச் சீவச் சொல்வது. அங்கே மூன்று மில்லிமீட்டர் எடுத்தால் தகட்டை அதே அளவு உள்ளே இறக்க வேண்டும், அதனுடன் கைப்பிடித் துளையும் சிலிண்டர் துளையும் இடம் மாறும். சீவித்தான் ஆக வேண்டும் என்றால் கீல் பக்கம் சீவ வேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்கு முதல் பாடம்.

ஈரக்காற்று:
ஐயா, உங்களைப் போல் முப்பது கதவு மாட்டியவன் இல்லை என்றாலும், கீல் பக்கம் சீவினால் கீல் பள்ளங்களை மறுபடி வெட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதுவும் எளிய வேலை அல்ல.

பழைய தச்சன்:
மூன்று பள்ளம் வெட்டுவதும், பூட்டின் முழு நீளத்தையும் உள்ளே தள்ளுவதும் ஒன்றா?

வடகரை:
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நாங்கள் லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். கதவு முழு மரம், உள்பக்கமாகத் திறப்பது, சாதாரணக் கீல்கள். கதவு திறந்திருக்கும்போது கைப்பிடியை ஒற்றை விரலால் தூக்க முடிகிறது. குளிர் தொடங்கும் முன் நிலையைச் சுற்றிப் புதிய ரப்பர்ப் பட்டை ஒட்டினோம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அளவுகோல்:
தொடர்பு நிறையவே இருக்கிறது. பட்டை தடிமனாக இருந்தால் கதவு நிலையோடு முழுமையாகப் படியாது. கொக்கிகள் நிலையில் உள்ள தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டே உள்ளே போகும். உள்ளே நின்றுகொண்டு தோளால் கதவை நன்றாக அழுத்தியபடி கைப்பிடியைத் தூக்குங்கள். இலகுவானால் பட்டைதான் காரணம். இலகுவாகாவிட்டால், இன்னொருவரைக் கதவின் பூட்டுப் பக்கத்தைக் கீழிருந்து சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது இலகுவானால் கதவு தொய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எந்த முனை இடிக்கிறது என்று அறிய, கொக்கிகளின் நுனியில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, மெதுவாகப் பூட்டித் திறந்து, தகட்டில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

சின்ன ஆணி:
கைப்பிடியை இறுக்கும் நீண்ட ஸ்க்ரூக்களை யாரும் கவனிக்கவில்லையே? அவற்றை அதிகமாக முறுக்கினால் இரண்டு பக்கத் தகடுகளும் நெருங்கி உள்ளே இருக்கும் பொறியைப் பிடித்துக்கொள்ளும். கால் சுற்று தளர்த்திப் பார்க்கலாம்.

அளவுகோல்:
பொதுவாக அது சரியான யோசனைதான். ஆனால் அது காரணமாக இருந்தால் கதவு திறந்திருக்கும்போதும் இறுகியிருக்க வேண்டும். இவர் ஒற்றை விரலால் தூக்குவதாகச் சொல்லிவிட்டார். கிராஃபைட் யோசனைக்கும் அதே பதில்தான்.

கிராஃபைட்:
நான் சொன்னது சிலிண்டரைப் பற்றி. அதற்குள் டபிள்யூடி-40 போய்விட்டது என்பது உண்மைதானே? அந்தப் பெயரே நீரை விலக்குவது என்பதிலிருந்து வந்தது. அது உயவெண்ணெய் அல்ல.

சின்ன ஆணி:
அதில் உயவுப் பொருளும் கலந்திருப்பதாகத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நீடித்து நிற்காது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கொக்கிகளுக்கும் உருளைகளுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் பொருத்தம். சிலிண்டருக்கு உலர்ந்த வகை எதுவானாலும் சரி.

கிராஃபைட்:
எதுவானாலும் சரி என்பதை ஏற்க முடியாது. ஏற்கெனவே எண்ணெய் போன சிலிண்டரில் தூளைப் போட்டாலும் குழம்பாகும் என்பதால், முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய தச்சன்:
சாவித் துளையைப் பற்றிய விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி வடகரை, ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். சரிசெய்யும்வரை பலவந்தமாகத் தூக்கிப் பூட்டாதீர்கள். கதவு பூட்டியிருக்கும்போது கியர்பாக்ஸ் உடைந்தால் கொக்கிகள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சாவி இருந்தும் கதவு திறக்காது. வயதானவர் இருக்கும் வீட்டில், தீ விபத்து போன்ற நேரத்தில் அது பெரிய ஆபத்து. கதவு தொய்ந்திருந்தால் பெரும்பாலும் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். துளை பெருத்திருந்தால் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் நீளமான ஸ்க்ரூ போடுங்கள். கியர்பாக்ஸையே மாற்ற நேர்ந்தால் மட்டும், தகட்டின் அகலம், தகட்டு விளிம்பிலிருந்து கைப்பிடி அச்சுவரை உள்ள தூரம், கைப்பிடி அச்சுக்கும் சிலிண்டர் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஆகிய மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கியர்பாக்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் வாங்கியது பொருந்தவே பொருந்தாது.

வடகரை:
தோளால் அழுத்தியபோது பாதி இலகுவானது. பூட்டுப் பக்கப் பட்டையை மட்டும் உரித்துவிட்டேன். கீழ்க் கொக்கியின் குங்குமம் தகட்டுத் துளையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்தது. மேல் கீலில் இரண்டு ஸ்க்ரூ கையாலேயே சுழன்றன. நீளமானவை போட்டாயிற்று. மாமியாரே பூட்டிவிட்டார். நன்றி.

அளவுகோல்:
மகிழ்ச்சி. உரித்த பட்டையின் தடிமன் என்ன, அதற்குப் பதிலாக மெல்லியதாக எதையாவது ஒட்டினீர்களா என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் குளிர்காற்று உள்ளே வரும்.

ஈரக்காற்று:
மேல் விளிம்பில் வர்ணம் இருந்ததா என்று இன்னும் சொல்லவில்லை.

கிராஃபைட்:
சிலிண்டரைச் சுத்தம் செய்தீர்களா என்பதையும்.