ராஸ்பெர்ரி பை 5 பலகையில் ரிஸ்க் ஓஎஸ் இயங்காதா?

பலகைப்பிரியன்:
வணக்கம். லினக்ஸ் அல்லாத ஓர் இயங்குதளத்தை அடிமட்டத்திலிருந்து புரிந்துகொள்ளும் விருப்பத்தில் ரிஸ்க் ஓஎஸ் 5.30 பதிப்பை எஸ்டி அட்டையில் எழுதினேன். ராஸ்பெர்ரி பை 3 என்னும் சிறு கணினிப் பலகையில் சில நொடிகளிலேயே மேசைத்திரை வந்துவிடுகிறது. அதே அட்டையைப் பை 5இல் செருகினால் திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. அமைப்புக் கோப்பில் ஏதேனும் மாற்ற வேண்டுமா? இன்னொரு கேள்வியும் உண்டு: பை 3ஐ இரவும் பகலும் ஓடும் கோப்புச் சேவையகமாக இந்த இயங்குதளத்துடனேயே வைத்துக்கொள்ளலாமா?

ஆர்ம்வாசி:
அமைப்புக் கோப்பில் எதை மாற்றினாலும் பயனில்லை, நண்பரே. தடை செயலியிலேயே இருக்கிறது. பை 5இல் உள்ள கார்டெக்ஸ் ஏ76, 32 பிட் கட்டளைகளைச் சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் நிலையில் மட்டுமே ஏற்கும். இயங்குதளத்தின் மையமான கருநிரல் ஓடும் உயர்நிலைகள் அனைத்தும் 64 பிட்டாகவே இருந்தாக வேண்டும். ரிஸ்க் ஓஎஸ்ஸோ, கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஆர்க்கிமிடீஸ் கணினிக்காகப் பிறந்தது. அதன் கருநிரலும் கணிசமான மாட்யூல்களும் இன்றும் 32 பிட் ஆர்ம் அசெம்பிளியில், அதாவது ஆர்ம் வகைச் செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியில், எழுதப்பட்டவை. சி மொழியில் உள்ள பகுதிகளை மறுபடி கம்பைல் செய்துவிடலாம், அசெம்பிளியைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். இவ்வளவு விரைவாக அது எழுந்து நிற்பதற்கும் பை 5இல் முடங்குவதற்கும் காரணம் இந்த அசெம்பிளி ஒன்றே. பை 4இன் கார்டெக்ஸ் ஏ72 எல்லா நிலைகளிலும் 32 பிட்டை ஏற்பதால் அதில் தடையின்றி ஓடும். பை 5இலேயே பார்த்தாக வேண்டுமென்றால், லினக்ஸின் மேல் ஆர்பிசிஎமு என்னும் எமுலேட்டரை (வேறொரு கணினியைப் போல நடிக்கும் நிரலை) நிறுவிக்கொள்ளுங்கள்.

மூன்றுபொத்தான்:
சேவையக எண்ணத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒவ்வொரு நிரலும் தானாக முன்வந்து பிறவற்றுக்கு வழிவிட வேண்டும்; ஒன்று வழிவிட மறுத்தால் மேசைத்திரை முழுவதும் அப்படியே நின்றுவிடும். ஆல்ட்டையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி அந்த நிரலை நிறுத்தலாம் என்றாலும், ஆளில்லாத வீட்டில் அதை யார் அழுத்துவது? பயனர் கணக்குகள் என்ற ஏற்பாடும் இல்லை. நான்கு கோர்களில் ஒன்றுதான் வேலை செய்யும். அந்தப் பணிக்கு நெட்பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகை இயங்குதளம் பொருத்தமானது, பை 3இல் நன்றாகவே ஓடும்.

கற்பதற்கு என்றால் இதற்கு இணையானவை மிகக் குறைவு. எஃப்12ஐ அழுத்தி பேசிக் என்று தட்டினால் பிபிசி பேசிக் என்னும் நிரல்மொழி வந்துவிடும். அதற்குள்ளேயே ஆர்ம் அசெம்ப்ளர் அடங்கியிருப்பதால், தனியாக எந்தக் கருவியும் நிறுவாமல் செயலியுடன் நேரடியாகப் பேசலாம். சுட்டியின் நடுப்பொத்தான்தான் இங்கே மெனு என்பதால், சக்கரத்தை எளிதாக அழுத்தக்கூடிய சுட்டியாகப் பார்த்து வாங்குங்கள். 2018இலிருந்து மூலநிரல் அப்பாச்சி 2.0 என்னும் திறமூல உரிமத்தில் கிடைப்பதால் உள்ளே புகுந்து படிக்கவும் தடையில்லை.

ஆர்ம்வாசி:
மேலுள்ளவர் சொன்னதை ஏற்கிறேன், கோப்புகளைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். ரிஸ்க் ஓஎஸ்ஸில் கோப்பின் வகை பெயருடன் ஒட்டிய பின்னொட்டாக இருப்பதில்லை. மூன்று பதினறும இலக்கங்களாகத் தனியே பதிவாகிறது. உதாரணமாக, பேசிக் நிரலின் வகை எஃப்எஃப்பி. அப்படியே லினக்ஸுக்கு நகலெடுத்தால் அந்தத் தகவல் தொலைந்து, திரும்பக் கொண்டுவரும்போது கோப்பு எதுவென்று இயங்குதளத்துக்கே தெரியாது. ஆகவே ரிஸ்க் ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஜிப் செய்து, பிறகு வெளியே அனுப்புங்கள்.

பலகைப்பிரியன்:
இருவருக்கும் நன்றி. பை 3ஐ அசெம்பிளி கற்பதற்கென்றே ஒதுக்கிவிட்டு, சேவையகத்தை லினக்ஸுடன் பை 5க்கு மாற்றுகிறேன். அந்த ஜிப் கோப்பை வலையமைப்பு இல்லாமல் வெளியே எடுக்க வழி உண்டா?

மூன்றுபொத்தான்:
உண்டு. பூட் கோப்புறைக்குள் லோடர் என்று ஒன்று இருக்கும். அதுவே அட்டையில் பிற கணினிகளும் படிக்கக்கூடிய ஃபேட் வடிவப் பகுதி. கோப்பை அதில் இழுத்துப் போட்டு, பலகையை முறையாக அணைத்த பின் அட்டையைக் கழற்றினால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். அங்கே ஏற்கெனவே உள்ள கோப்புகளை மட்டும் தொடாதீர்கள். பலகை இயங்கத் தொடங்குவதே அவற்றைக் கொண்டுதான்.